நாய்களை விட்டு பூமா, கரடி, ஓநாய் வேட்டை: அமெரிக்கச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் கொலராடோ மாநிலத்தவர் அதிபரைத் தேர்ந்தெடுத்த அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பூமா, பாப்கேட், லின்க்ஸ் என்ற மூன்று காட்டுப் பூனை இனங்களை வேட்டையாடத் தடை போடலாமா, வேண்டாமா? அங்கே பூமா வேட்டை என்றாலே பெரும்பாலும் நாய்களை விட்டுத் துரத்துவதுதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வாக்களிக்கும் நம்மவர்கள் பலருக்கு அது புது விஷயம். இந்தச் சட்டங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேட்டை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. நிஜமாகவே நாயோடு கிளம்புகிறவர் அந்த மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நாய்களை விட்டு வேட்டையாடுவது என்றால் உண்மையில் என்னதான் நடக்கிறது?

விலங்கைப் பொறுத்து மாறும். பூமாவை எடுத்துக்கொள்வோம். இரவு பனி விழுந்து ஓய்ந்த விடிகாலையில், பின்னால் நாய்ப் பெட்டி பொருத்திய பிக்கப் வண்டியில் காட்டுச் சாலைகளில் மெதுவாகப் போவார்கள். கண் முழுக்க சாலையோரப் பனியில் இருக்கும். தடம் தென்பட்டால் இறங்கிப் பார்ப்பார்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிய தடம், உருகி மழுங்கியிருந்தால் பழையது. புதியது என்றால் நாய்களை அவிழ்த்து விடுவார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை இருப்பதால், எது எங்கே ஓடுகிறது என்பது கையிலுள்ள திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். பூமாவுக்குப் பாய்ச்சல் உண்டு, நெடுந்தூரம் ஓடும் மூச்சு கிடையாது. அதனால் சீக்கிரமே மரமேறிவிடும். நாய்களின் குரைப்பு அப்போது மாறும். ஓடும்போது விட்டுவிட்டுக் குரைத்தவை மரத்தடியில் இடைவிடாமல் குரைக்கும். வேட்டைக்காரர் நடந்து வந்து, நாய்களைக் கட்டிவிட்டு, சில மீட்டர் தூரத்திலிருந்து சுடுவார்.

கருங்கரடி அப்படியில்லை. அது பல கிலோமீட்டர் ஓடும், மரமேறாமல் தரையிலேயே நின்று சண்டையும் போடும். ஓநாய் மரமே ஏறாது. அது கூட்டமாக வாழும் விலங்கு, நாயைப் பார்த்தால் எதிரிக் கூட்டமாகவே நினைத்துக் கொன்றுவிடும். நாய் வேட்டையை ஒரே விஷயமாகப் பார்த்துப் பேசுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

இதை முடிவு செய்வது மத்திய அரசா, மாநிலமா?

மாநிலம்தான். எந்த விலங்கை, எந்த மாதத்தில், எந்த முறையில் வேட்டையாடலாம் என்பதை மாநிலச் சட்டமன்றமும் அதன் வனவிலங்கு ஆணையமும் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒரு விலங்கு 1973-ஆம் ஆண்டின் அழிநிலை உயிரினங்கள் சட்டத்தின் பட்டியலில் ஏறிவிட்டால் மத்திய அரசின் சொல்லே மேல். அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி 1975 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓநாய் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அந்தக் குழப்பத்தை விஸ்கான்சின் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு 2012-இல் நடந்த ஒரு கூத்தே போதும். கலிபோர்னியாவில் பூமா வேட்டை 1972-லிருந்தே நின்றுபோனது. 1990-இல் 117-ஆம் முன்மொழிவை மக்கள் நிறைவேற்றி, அதற்குத் தனிப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். அந்த மாநிலத்தின் மீன், வேட்டை ஆணையத் தலைவர் டேனியல் ரிச்சர்ட்ஸ் ஐடஹோ மாநிலத்துக்குப் போனார். நாய்களை விட்டு ஒரு பூமாவைச் சுட்டார். அதைத் தூக்கிப் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார். ஐடஹோவில் அது முழுக்கச் சட்டப்படியான செயல். ஆனாலும் கலிபோர்னியாவில் கொந்தளிப்பு எழுந்தது. அந்த ஆண்டே தலைவர் பதவி அவர் கையைவிட்டுப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், நாய்களை விட்டுக் கரடியையும் பாப்கேட்டையும் வேட்டையாடுவதைத் தடுக்கும் மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். படம் வெளிவந்திருக்காவிட்டாலும் அந்தத் தடை என்றாவது வந்திருக்கலாம். ஆனால் அத்தனை வேகமாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

எங்கெல்லாம் தடை, எங்கெல்லாம் அனுமதி?

கொலராடோவில் 1992 முதல் கரடிக்கு நாய் விடக்கூடாது, பூமாவுக்கு விடலாம். ஆரிகனில் 1994 முதல் கரடி, பூமா இரண்டுக்கும் தடை. வாஷிங்டனில் 1996 முதல் கரடி, பூமா, பாப்கேட், லின்க்ஸ் நான்குக்கும் தடை. மாசசூசெட்ஸும் அதே 1996-இல் கரடிக்கும் பாப்கேட்டுக்கும் தடை போட்டது. கலிபோர்னியா மேலே சொன்னது.

ஐடஹோ, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றில் பூமா, கரடி இரண்டுக்கும் அனுமதி உண்டு. கிழக்கே மெய்ன், வெர்மான்ட், வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி என்று கரடிக்கு நாய் விடும் மாநிலங்கள் நிறைய. வட கரோலினாவின் மாநில நாயே கரடி வேட்டைக்கென்று அங்கே உருவான பிளாட் ஹவுண்ட்தான். காற்று தடையின் பக்கம் மட்டும் வீசுவதாகவும் நினைக்க வேண்டாம். கருங்கரடி வேட்டையில் நாய்க்கு இடமில்லாதிருந்த மாண்டனா, 2021-இல் அதைத் திறந்துவிட்டது. கிரிஸ்லி நடமாடும் காட்டில் கருங்கரடியைத் துரத்தப் போன நாய்கள் கிரிஸ்லியிடம் போய் நின்றால் என்னாவது என்ற கேள்வி அங்கே உடனே எழுந்தது.

தடைகளில் பெரும்பாலானவை மக்கள் வாக்கெடுப்பில் வந்தவையா?

ஆமாம். கொலராடோ, ஆரிகன், வாஷிங்டன், மாசசூசெட்ஸ் நான்கிலும் வாக்குச்சீட்டு வழியாகவே வந்தது. சட்டமன்றமே தடை போட்டது கலிபோர்னியாவில். இதில் வேட்டைக்காரர்களுக்குத் தீராத மனக்குறை உண்டு. காட்டைப் பார்க்காத நகரத்து வாக்காளர் நம் தொழிலை முடிவு செய்கிறார் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், ஆணையங்களில் நெடுங்காலமாக வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களுமே உட்கார்ந்திருந்தார்கள். காட்டு விலங்கு மாநில மக்கள் எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்லும்போது, மற்றவர்களுக்கு வாக்குச்சீட்டை விட்டால் வேறு வாசல் இல்லை.

வாக்கெடுப்பு எப்போதும் தடையில் முடிவதும் இல்லை. மெய்னில் இரை வைத்தும், நாய் விட்டும், பொறி வைத்தும் கரடி பிடிப்பதை நிறுத்தும் முயற்சி 2004, 2014 இரண்டு முறையும் தோற்றது. தொடக்கத்தில் சொன்ன கொலராடோ முன்மொழிவையும் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள்.

நாய்க்குத் தடை போட்டால் குறைவான பூமாக்கள்தானே சாகும்?

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது வேறு. நாய் இல்லாமல் பூமாவைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அதனால் எண்ணிக்கை சரிந்துவிடும் என்று ஆரிகனும் வாஷிங்டனும் எதிர்பார்த்தன. அதை ஈடுகட்ட வேட்டைக் காலத்தை நீட்டினார்கள், அனுமதிச் சீட்டின் விலையைக் குறைத்தார்கள். முன்பு நாய்க் கூட்டம் வைத்திருந்த சில நூறு பேர் வாங்கிய சீட்டை இப்போது மான் வேட்டைக்குப் போகிறவர்களெல்லாம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். வழியில் பூமா எதிர்ப்பட்டால் சுடலாமே! சீட்டு வைத்திருப்பவர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். கொல்லப்பட்ட பூமாக்கள் குறையவில்லை. ஆரிகனில் போகப்போகக் கூடின.

எவை சாகின்றன என்பதும் மாறிற்று. மரத்தில் நிற்கும் பூமாவை நிதானமாகப் பார்த்து, ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று கணிக்க நேரம் இருக்கும். புதருக்கிடையில் ஒரு நொடி தெரிந்து மறையும் பூமாவிடம் அதற்கு வழியில்லை. தடைக்குப் பின் வாஷிங்டனில் சுடப்பட்டவற்றில் பெண் பூமாக்களின் பங்கு கூடியது. முறையை மட்டும் தடுத்துவிட்டு, எத்தனை என்ற உச்சவரம்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். தடைக்கு ஓட்டுப் போட்டவர்கள் இதற்காகவா போட்டார்கள்?

அப்படியானால் நாய் வைத்திருப்பவர்கள் சொல்வதுதான் சரியா?

ஓரளவுக்குத்தான். நாய் இருந்தால் தேர்ந்தெடுத்துச் சுடலாம், குட்டியுள்ள தாயை விட்டுவிடலாம் என்பது அவர்களின் வலுவான வாதம். ஆண் பூமாவுக்கு வாலடியில் சற்றுக் கீழே ஒரு கரும்புள்ளி தெரியும், பெண்ணுக்கு இருக்காது. கொலராடோவில் பூமா உரிமம் வாங்க வேண்டுமானால் இதையெல்லாம் கற்றுக்கொடுக்கும் வகுப்பை முடித்தாக வேண்டும். ஆனால் விட்டுவிடலாம் என்பது வேறு, விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு. பெரும்பணம் கொடுத்து வெளியூரிலிருந்து வந்து, மூன்று நாள் பனியில் அலைந்த ஒருவர் மரத்தில் பெண் பூமாவைப் பார்த்ததும் திரும்பிப் போவாரா என்பது அவரவர் மனசாட்சி. பெண்ணைச் சுட்டாலும் பெரும்பாலும் குற்றமில்லை. குட்டிகளோடு இருப்பதைச் சுட்டால்தான் குற்றம். வேட்டைக்குப் போகும் தாய் குட்டிகளை மறைவில் விட்டுவிட்டுத்தான் போகும். மரத்தில் தனியாக நிற்பதைப் பார்த்துத் தாயா இல்லையா என்று சொல்வது கடினம்.

எதிர்ப்பவர்களின் முதல் வாதம், விலங்குக்குத் தப்ப நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பது. அமெரிக்க வேட்டைக்காரர்களே தங்களுக்குள் பெருமையாகப் பேசும் நெறி அது. மரத்தில் ஏறி நிற்கும் விலங்கைக் கீழிருந்து சுடுவதை அந்த நெறியில் எப்படிப் பொருத்துவது என்று கேட்டால், துரத்தலில்தான் அந்த வாய்ப்பு இருக்கிறது என்பார்கள். எனக்கு இந்தப் பதில் முழுசாகத் திருப்தி தரவில்லை.

நாய்கள் விலங்கை மரத்தில் நிறுத்திவைத்திருக்க, ஆள் பின்னால் சாவகாசமாக வந்து சுடலாமா?

சில மாநிலங்கள் இதைத் தடுத்திருக்கின்றன. சுடப்போகிறவர் நாய்களை அவிழ்க்கும்போதிலிருந்தே கூட இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி பூமாவை மரத்தில் நிறுத்திவிட்டு வாடிக்கையாளருக்குப் போன் போடுவதைத் தடுக்கத்தான் இது.

சுடாமல் துரத்தினால் மட்டும் போதும் என்றால்?

இதற்கென்றே தனி அனுமதி தரும் மாநிலங்கள் உண்டு. யூட்டாவில் துரத்த மட்டும் ஒரு பருவம். விஸ்கான்சினில் ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதம் கரடி நாய்களுக்குப் பயிற்சிக் காலம். ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 6 நாய்கள், கரடியைக் கொல்லக்கூடாது.

கேட்க சாதுவாகத் தெரிந்தாலும் இந்தச் சட்டங்களிலேயே தெளிவு குறைந்த பகுதி இதுதான். குளிர்காலத்துக்கு முன் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய கரடி வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும். குட்டிகள் பிரிந்து போகலாம். விஸ்கான்சினில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதே ஜூலை, ஆகஸ்டில்தான் ஓநாய்கள் குட்டிகளை ஓரிடத்தில் விட்டு வளர்க்கும். கரடியைத் துரத்தி வரும் நாய்கள் நேராக அங்கே போய் விழும். ஆண்டுதோறும் அங்கே நாய்கள் சாகின்றன. எந்தப் பகுதியில் போன வாரம் நாய் செத்தது, அங்கே போகாதீர்கள் என்று மாநில இயற்கை வளத் துறை வரைபடமே வெளியிடுகிறது.

ஓநாய் கொன்ற நாய்க்கு இழப்பீடு உண்டா?

விஸ்கான்சினில் உண்டு, ஒரு நாய்க்கு 2,500 டாலர் வரை. எச்சரிக்கை வரைபடத்தைப் பார்த்தும் அங்கேயே நாயை அவிழ்த்து விட்டவருக்கும் பணம் கிடைப்பது ஏன் என்று ஊரார் பலரும் கேட்டுவிட்டார்கள். ஓநாயையே வேட்டையாடும்போது செத்த நாய்க்கு மட்டும் தருவதில்லை. ஓநாய் மத்தியப் பட்டியலில் இருக்கும் காலத்தில் உங்கள் நாயைக் காப்பாற்ற அதைச் சுடவும் முடியாது. மனித உயிருக்கு ஆபத்து என்றால்தான் முடியும்.

விஸ்கான்சினில் 2021-இல் என்ன நடந்தது?

ஓநாயை நாய் விட்டு வேட்டையாட வெளிப்படையாக வழிசெய்த மாநிலம் விஸ்கான்சின். 2012-இல் வந்த சட்டம் இரண்டு விஷயத்தைச் சொன்னது. ஓநாய் மத்தியப் பட்டியலில் இல்லாத காலத்தில் வேட்டைப் பருவம் நடத்தியே தீர வேண்டும், அதில் நாய்களும் விடலாம். 2012, 2013, 2014 மூன்று ஆண்டும் வேட்டை நடந்தது. 2014 டிசம்பரில் நீதிமன்றம் ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்ததும் நின்றது.

2021 ஜனவரியில் மத்திய அரசு ஓநாயைப் பட்டியலிலிருந்து எடுத்தது. நவம்பரில் நிதானமாக நடத்தலாம் என்று மாநிலத் துறை நினைத்தது. சட்டம் நடத்தச் சொல்கிறது, உடனே நடத்துங்கள் என்று கான்சஸைச் சேர்ந்த ஒரு வேட்டை அமைப்பு வழக்குப் போட்டது. நீதிபதி அதை ஏற்றார். அவசர அவசரமாக 200 ஓநாய் என்று வரம்பு வைத்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1837, 1842 ஒப்பந்தங்களின்படி ஒஜிப்வே பழங்குடிகளுக்குச் சேர வேண்டிய பங்கு 81. மற்றவர்களுக்கு 119. ஒஜிப்வே மக்களுக்கு ஓநாய் உடன்பிறந்தவன் மாதிரி. அவர்கள் வேட்டையாட அந்தப் பங்கைக் கேட்கவில்லை, 81 ஓநாய்களாவது பிழைக்கட்டும் என்றுதான் எடுத்துவைத்தார்கள்.

பிப்ரவரி 22-இல் வேட்டை தொடங்கியது. புதுப் பனி, பனி வண்டிகள், நாய்க் கூட்டங்கள். ஓநாய்களுக்கு அது இனப்பெருக்க காலம் வேறு. மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் செத்திருந்தன. அதாவது 119 என்ற வரம்பைத் தாண்டி இன்னும் 99. பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை நாய்களின் துணையோடு கொல்லப்பட்டவை. ஒஜிப்வேக்கள் ஒதுக்கிவைத்த 81-ம் அதில் போயிற்று.

தவறு எங்கே? வரம்பை யாரும் வேண்டுமென்று மீறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கொன்றதைத் தெரிவிக்க 24 மணி நேரம் அவகாசம். பருவத்தை மூடுவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று சட்டம். நாயும் பனியும் சேர்ந்து வேட்டை ஓடிய வேகத்துக்கு இந்த விதிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாயை அனுமதிக்கும் சட்டம் எண்ணிக்கையை மணிக்கணக்கில் கண்காணிக்கவும் வழி செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் நடக்கவிருந்த அடுத்த வேட்டையை நீதிமன்றம் நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் ஓநாய் மறுபடி மத்தியப் பட்டியலுக்குள் வந்தது.

தடை உள்ள மாநிலத்தில் பூமா ஆளைத் தாக்கினால் நாய்களை இறக்க முடியுமா?

முடியும். வாஷிங்டன், ஆரிகன் இரண்டின் தடைகளிலும் அரசு ஊழியர்களுக்கும் அரசு நியமிக்கும் ஆட்களுக்கும் விலக்கு இருக்கிறது. 2018 மே மாதம் வாஷிங்டனில் சைக்கிளில் போன ஒருவரைப் பூமா கொன்றபோது, நாய்களைக் கொண்டுதான் அதைத் தேடிப்பிடித்தார்கள். வடகிழக்கு வாஷிங்டனின் ஐந்து மாவட்டங்களில் 2004 முதல் சில ஆண்டுகள் பரிசோதனையாக நாய் வேட்டைக்கு இடம்கொடுத்தார்கள், அது 2011-இல் முடிந்தது. இந்த விலக்குகளுக்குள் வராமல் நாய் விட்டவருக்கு வாஷிங்டனில் தண்டனையோடு 5 ஆண்டு வேட்டை உரிமையும் போகும்.

நாய்கள் அடுத்தவர் நிலத்துக்குள் ஓடினால்?

நாய்க்குப் பத்திரம் படிக்கத் தெரியாது என்பது அங்கே பழைய தகராறு. வர்ஜீனியாவில் சட்டம் வேட்டைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. துரத்தல் வேறிடத்தில் தொடங்கி நாய் தடை செய்யப்பட்ட நிலத்துக்குள் போய்விட்டால், உரிமையாளர் வேண்டாம் என்றாலும் உள்ளே போய் நாயைக் கூட்டிவரலாம். துப்பாக்கியையும் வில்லையும் மட்டும் வெளியே வைத்துவிட வேண்டும். மற்ற பல மாநிலங்களில் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

பிரிட்டனின் வேட்டைத் தடையும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2005-இல் நடைமுறைக்கு வந்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியமாக நரி, மான், முயல் பற்றியது. அங்கே கரடியும் ஓநாயும் எப்போதோ அற்றுப்போய்விட்டன.

இந்தியாவில்?

இங்கே கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். யூட்டாவில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் துரத்தல் இங்கே அப்படியே வேட்டைக் குற்றம். புலி, சிறுத்தை, கரடி, ஓநாய் எல்லாம் அந்தச் சட்டம் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்குகள். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பயன்படுத்திய வண்டியும் கருவியும் அரசுக்குப் போய்விடும்.

மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு என்றால் 11-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் உத்தரவிடலாம். 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 புலிக்கு அப்படித்தான் உத்தரவு போனது. சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்றது. மோப்ப நாய், கும்கி யானை, டிரோன் என்று எல்லாவற்றையும் வைத்துத் தேடி, அக்டோபரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

நான் வேட்டைக்காரன் இல்லை. நடைப்பயிற்சியின்போது என் வீட்டு நாய் கரடியைத் துரத்திவிட்டால் எனக்குச் சிக்கலா?

வரலாம். கலிபோர்னியாவில் நாய் கரடியையோ பாப்கேட்டையோ துரத்த விடுவதே குற்றம், துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. கட்டுப்பாட்டில் இல்லாத நாய் காட்டு விலங்கைக் காயப்படுத்தினால் அதிகாரி அதைப் பிடிக்கலாம், சுடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இன்னொரு தொல்லை, கரடியிடம் வம்பு செய்த நாய் பயந்துபோய் உங்களிடமே திரும்பி ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும். காட்டுப் பாதையில் நாயை லீஷில் பிடித்துக்கொண்டே நடங்கள்.